ஒன்பதாம் நாள்

இந்த ஊரில் வசந்தம் என்றால்
தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை.
வேறு வசந்தம் வேண்டுமென்றால்
நாட்காட்டியைப் புரட்ட வேண்டும்;
அதிலும் பள்ளி விடுமுறைதான் சிவப்பாய் இருக்கும்.

வான்கூவரிலிருந்து பொற்சிலை கேட்கிறாள்:
"இங்கே பனி உருகி
ஓர் ஊதாப்பூ மூக்கை நீட்டிவிட்டது.
உன் தோட்டத்தில் என்ன விசேஷம்?"

தோட்டமாம்.
ஹவ்காங்கில் எட்டாவது மாடித் தாழ்வாரம்.
ஒரு தள்ளுவண்டி போக இடம் விட்டு
மீதியில் பதினொரு தொட்டி.
முட்டை ஓடு தின்று வளரும் கலமான்சி,
கேட்காமலே அக்கம்பக்கம் கிள்ளிப்போகும் பாண்டான்,
யாருக்கும் அடங்காத கறிவேப்பிலை,
தேங்காய் மட்டையில்
பழைய காலுறையால் கட்டிவைத்த
புறா ஆர்க்கிட். மூன்று வருஷமாய் வெறும் தண்டு.

ஆனாலும் அவளுக்காக
அறிகுறிகளை எழுத உட்கார்ந்தேன்.
குயில் கூவுகிறது என்று எழுதினேன்.
நாலரை மணிக்கே கூவுகிறது;
பன்னிரண்டாம் மாடிக்காரர்
நகர மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறார்.
கீழே மாமரம் செம்புநிறமாய்த் தளிர்த்திருக்கிறது.
ஜனவரியிலும் தளிர்த்தது. ஆகஸ்டிலும் தளிர்க்கும்.
துணிக்கழியில் தேன்சிட்டு கூடு கட்டி
என் சீருடைச் சட்டை ஒன்று
மூன்று வாரமாய் அங்கேயே காய்கிறது.
கொசு அதிகாரி வந்தார்.
டார்ச் அடித்துத் தட்டுத்தட்டாய்ப் பார்த்து
"தண்ணீர் இல்லை, நல்லது" என்று
கையெழுத்துப் போட்டுப் போனார்.
இந்த ஊரின் பருவம்
அவர் ஒருவருக்குத்தான் தெரியும்போல.

எழுதியதை அனுப்பவில்லை.

பக்கத்து வீட்டு சியூ லானும் நானும் பேசி
ஐந்து மாதம்.
என் கறிவேப்பிலைத் தொட்டி
அவள் சைக்கிள் போகும் வழியில்
இரண்டு அங்குலம் நீண்டிருந்ததாம்.
அளவு நாடாவோடு வந்து காட்டினாள்.
நானும் என் நாடாவை எடுத்துவந்தேன்.
ஒன்றேமுக்கால்தான்.

அப்புறம் அந்த ஞாயிறு,
விடியுமுன் சுமத்ராப் பக்கமிருந்து காற்று.
கம்பிக் கதவெல்லாம் கடகடக்க
மழை தாழ்வாரத்துக்குள்ளேயே நடந்து வந்தது.
அரை மணி நேரம்
இந்த ஊருக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது.
டிப்போ கேன்டீனில் ரொஹாயா சொன்னாள்:
"இன்றிலிருந்து எண்ணு.
புறா ஆர்க்கிட் ஒன்பதாம் நாள் பூக்கும்.
எட்டும் இல்லை, பத்தும் இல்லை."

எண்ணினேன். நம்பி இல்லை,
எண்ணுவதற்குச் செலவில்லை என்பதால்.
அரிசிமணி அளவில் மூச்சை அடக்கி நின்ற மொட்டுகள்
திங்கட்கிழமை இரவு
புழுங்கலரிசிச் சோறாய் விம்மியிருந்தன.

முதல் பேருந்து என்னுடையது.
நாலே காலுக்குக் கதவைத் திறந்தால்
இருட்டில் முதலில் வாசனை.
பிறகுதான் வெள்ளை.
காம்பில் உட்கார்ந்தும் பறந்தும்
ஒரு கூட்டமே இறங்கியிருந்தது.
பூட்டை மறந்து நின்றேன்.

அடுத்த கதவும் திறந்தது.
அவள் கம்பியில் தொங்கவிட்டிருந்ததும் பூத்திருந்தது.
இரவு உடையில் சியூ லான்,
கையில் கைபேசி வெளிச்சம்.
"உன்னுடையது எத்தனை?"
"பதினேழு."
"எனக்கு இருபத்திரண்டு" என்றாள்.
இரண்டு முறை எண்ணியிருப்பாள், தெரியும்.

வெளிச்சம் வந்தபோது தாம்சன் சாலையில் இருந்தேன்.
தூங்குமூஞ்சி மரங்களின் கவட்டையெல்லாம்,
யாரும் கட்டிவைக்காத உயரத்திலெல்லாம்
அதே வெள்ளை, அதே காலை.
ஒரு நிறுத்தத்தில்
தலைக்கவசம் கக்கத்தில் இடுக்கிய ஒருவர்
ஏறாமல் அண்ணாந்து நின்றார்.
கதவைத் திறந்தபடி வைத்திருந்தேன்.
நாற்பது விநாடி தாமதம்;
காரணம் கேட்டால் போக்குவரத்து நெரிசல்.

சாயங்காலம் வீடு திரும்பினால்
நனைந்த காகிதம்போல் தொங்கின பதினேழும்.
இருபத்திரண்டையும் எட்டிப் பார்த்தேன். அதே கதிதான்.

பொற்சிலைக்கு எழுதினேன்:
வந்தது.
செவ்வாய்க்கிழமை.
நாலே காலுக்குத் தொடங்கி
விளக்கு ஏற்றுமுன் முடிந்தது.
அடுத்தது எப்போது என்று கேட்காதே.
காற்றடித்தால் சொல்கிறேன்,
அதிலிருந்து எண்ணிக்கொள்.